ஃபோமைப் பிய்த்தெடுத்த கதை

மூன்று வருடத்துக்கு முன்னால் என் டிரம்ஸ் அறையின் சுவரில் ஒலியை அடக்க ஆசை ஆசையாய் நானே ஒட்டிய ஃபோமை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பிய்த்தேன். கருப்பு நிறம், பிரமிடு பிரமிடாக முகடு வைத்தது, தடிமன் இரண்டரை சென்டிமீட்டர். ஒட்டும்போது அரை நாளில் முடிந்த வேலை, எடுக்கும்போது சுவரின் பெயிண்டையும் கூட்டிக்கொண்டு துண்டு துண்டாக வந்தது, பாதி விரலில், பாதி சுவரில். எந்த வீடியோவைப் பார்த்தாலும் வாசிப்பவருக்குப் பின்னால் இந்தக் கருப்புப் பிரமிடுகள்தான் தெரியும் என்பதால் ஸ்டூடியோ என்றாலே இதுதான் என்று நினைத்து நாலு சுவரையும் மூடியிருந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒட்டிய அன்று கை தட்டிப் பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. வெறும் அறையில் தட்டினால் இரண்டு எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் ஒலி பந்து மாதிரி போய்ப் போய் வந்து 'ட்ர்ர்ரிங்' என்று ஒரு உலோகச் சத்தம் வருமே, அது சுத்தமாகப் போயிருந்தது. சரி, வேலை முடிந்தது என்று டிரம்ஸ் கிட்டை உள்ளே வைத்து வாசித்தால் ஹை-ஹேட் (ஒன்றோடொன்று மோதும் ஜோடித் தட்டு) தலையணைக்கு அடியில் இருந்து கேட்கிற மாதிரி இருக்கிறது. அடியில் கம்பி கட்டிய சின்ன டிரம்மான ஸ்னேரின் பளீர் போய்விட்டது. ஆனால் காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக் மட்டும், முன்பு எப்படி முழங்கியதோ அதே மாதிரி, இன்னும் சொல்லப்போனால் மேலே எதுவும் மிச்சமில்லாததால் முன்பைவிடப் பெரிதாக, 'தூஊஊம்' என்று இழுத்துக்கொண்டே இருந்தது. ரெக்கார்டிங்கில் கேட்டால் இன்னும் மோசம். மேல் ஸ்வரங்களை ஈக்யூவில் (ஒலியின் மேல், கீழ்ப் பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதி) ஏற்றினால் மைக்கின் இரைச்சல்தான் ஏறுகிறது, கீழே குறைத்தால் கிக்குக்கு உடம்பே இல்லாமல் போகிறது. மூன்று வருடம் இதை என் வாசிப்பின் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் (அதிலும் ஓரளவு உண்மை உண்டு, அது வேறு விஷயம்).

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருநாள் வாசலில் நிறுத்தி, "ஏதோ ஒட்டியிருக்கேன், இனிமே கேட்காதுன்னு சொன்னீங்களே தம்பி, எனக்கு அப்படியேதான் கேட்குது" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வெளியே போகும் ஒலியைத் தடுப்பது ஒரு வேலை, உள்ளே இருக்கும் ஒலியை ஒழுங்கு பண்ணுவது இன்னொரு வேலை, இரண்டுக்கும் பொருளும் வேறு, முறையும் வேறு. நான் இரண்டாவதற்கான சாமானை, அதுவும் அரைகுறையான ஒன்றை வாங்கி ஒட்டிவிட்டு முதலாவது நடக்கும் என்று எதிர்பார்த்திருக்கிறேன்.

முதல் வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நான் முழுசாகச் செய்யவில்லை. ஒலியைத் தடுப்பது சுவரின் கனம். சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினால் கணக்குப்படி சுமார் 6 டெசிபல் குறையும், நடைமுறையில் அதற்கும் கொஞ்சம் கம்மி. டிரம்ஸ் சாதாரணமாக வாசித்தாலே 100 டெசிபலைத் தாண்டுகிற சாமான், அதற்கு ஆறு குறைந்து என்ன ஆகப்போகிறது. அதனால்தான் ஒழுங்காகச் செய்கிறவர்கள் அறைக்குள் அறை கட்டுகிறார்கள், உள்ளறை வெளியறையை எங்கேயும் தொடாமல். அப்புறம் இடுக்கு. ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மிச்சச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடுக்கை வைத்துக்கொண்டு சுவரில் எதை ஒட்டினாலும் வீண். நான் செய்ததெல்லாம் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை, அடியில் ஒரு தட்டி, கிட்டுக்குக் கீழே டென்னிஸ் பந்து மேடை. இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவில் டென்னிஸ் பந்துகளைப் பரப்பி வைப்பது, டிரம்ஸ்காரர்கள் பலரும் செய்கிற ஒன்றுதான், கிக் பெடலின் இடி தரை வழியாகக் கட்டடத்துக்குள் இறங்குவதை அது நன்றாகவே குறைக்கிறது. காற்று வழியாகப் போவதை அது ஒன்றும் செய்யாது. அதற்குப் பெரியவரிடமே பேசி நேரம் வைத்துக்கொண்டேன், அந்த நேரத்துக்கு வெளியே சத்தம் குறைவாக வரும் வலைத்தோல் மாட்டிய கிட்டில்தான் பயிற்சி.

காதைப் பற்றியும் இங்கேயே ஒரு வரி. வேலையிடச் சத்தத்துக்கு அமெரிக்காவின் நியாஷ் (NIOSH) என்ற தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு வைத்திருக்கும் அளவு 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம், மூன்று ஏற ஏற நேரம் பாதியாகும், 100-க்கு வரும்போது வெறும் 15 நிமிடம். சின்ன அறையில் சுவரெல்லாம் வெறுமையாக இருந்தால் கிட்டின் சத்தம் போதாதென்று சுவரும் திருப்பி அடிக்கும். காதில் அடைப்பான் போடாமல் வாசிக்காதீர்கள்.

இனி என் பிரச்சினைக்கு வருகிறேன். ஃபோம் ஏன் மேலே மட்டும் தின்றது?

ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதை அதிர்வெண்ணால் வகுத்தால் அலையின் நீளம். சிம்பல் என்ற உலோகத் தட்டு பளபளக்கும் 5000 ஹெர்ட்ஸில் அந்த நீளம் ஏழு சென்டிமீட்டர்கூட இல்லை. கிக் உட்கார்ந்திருக்கும் 60 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 5.7 மீட்டர், என் அறையைவிட நீளம். ஃபோமும் பஞ்சும் ஒலியை எப்படி உறிஞ்சுகின்றன என்றால், அதன் நுண்ணிய இடுக்குகளுக்குள் காற்று முன்னும் பின்னும் உரசிச் சூடாகிறது, அவ்வளவுதான். காற்று அசைய வேண்டும், அசைந்தால்தான் உரசல். சுவரில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், முடிச்சுப் போட்ட இடத்தில் அசைவே இருக்காது, கொஞ்சம் தள்ளித்தான் கயிறு துள்ளும். ஒலிக்கும் அப்படித்தான், சுவரை ஒட்டிக் காற்று அசைவதில்லை, அலைநீளத்தில் கால்வாசி தள்ளி வந்தால்தான் அதிகபட்ச அசைவு. 60 ஹெர்ட்ஸுக்கு அந்தக் கால்வாசி 1.4 மீட்டர். சுவரோடு ஒட்டிய இரண்டரை சென்டிமீட்டர் ஃபோம் இருக்கும் இடத்தில் அந்த அலைக்கு அசைவே கிடையாது. அதனால் அந்த மாதிரி ஃபோம் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே வயிறார உறிஞ்சும், 250-க்குக் கீழே பேருக்கு இருக்கும். நான் அதைக் கொண்டு நாலு சுவரையும் மூடினேன் என்றால், மேலிருப்பதையெல்லாம் கொன்றுவிட்டுக் கீழிருப்பதை அப்படியே விட்டேன் என்று அர்த்தம்.

கம்பளமும் திரைச்சீலையும் இதே ரகம்தான். முட்டை அட்டை அதற்கும் கீழே, அது உருவத்தில்தான் ஸ்டூடியோ, வேலையில் அட்டை. அதைவிட முக்கியம், தீ. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில் மேடைப் பட்டாசுப் பொறி சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோமில் பிடித்து 100 பேர் இறந்தார்கள். அந்த ஃபோமை ஒட்டியதும் சத்தத்துக்காகத்தான். நான் பிய்த்து எடுத்ததில் ஒரு துண்டை வெளியே கொண்டுபோய்த் தீக்குச்சி காட்டிப் பார்த்தேன். சொட்டிச் சொட்டி எரிந்தது, கரும்புகை. மூன்று வருடம் அதற்குள்தான், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்திருந்தேன்.

ஃபோம் போன பிறகு அறை மறுபடி 'ட்ர்ர்ரிங்'. இந்த முறை எதையும் வாங்குவதற்கு முன்னால் அறையைக் கேட்பது என்று முடிவு. பேண்டில் பேஸ் வாசிக்கும் நண்பனைக் கூப்பிட்டு கிக்கை மட்டும் ஒரே சீராக அடிக்கச் சொன்னேன். இடம் மிச்சமாகட்டும் என்று கிட்டை ஒரு மூலையில் தள்ளி வைத்திருந்தேன், அவன் அங்கே உட்கார்ந்து அடிக்க, நான் அறையைச் சுற்றி நடந்தேன். எதிர் மூலையில் நெஞ்சுக்குள் இடிக்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு அடியாக நடுவுக்கு வர வர, யாரோ கிக்கின் அடிப்பாகத்தை உருவிவிட்ட மாதிரி, வெறும் 'டொக் டொக்' என்று பெடல் மண்டை தோலில் படும் சத்தம்தான் மிஞ்சுகிறது. இரண்டு அடி தாண்டினால் திரும்ப வருகிறது. "டேய், மெதுவா அடிக்கிறியா?" என்று நடுவில் நின்று கேட்டேன். "அதேதான்டா அடிக்கிறேன்" என்றான். அப்புறம் இடத்தை மாற்றிக்கொண்டோம், நான் அடிக்க அவன் நடந்தான், நடுவுக்கு வந்ததும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இதன் கணக்கு எளிது. 343-ஐச் சுவருக்குச் சுவர் உள்ள தூரத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். என் அறை 4.1 மீட்டர் நீளம், 3.2 அகலம், 2.7 உயரம். வகுத்தால் 42, 54, 64 ஹெர்ட்ஸ் கிட்ட வருகிறது, பிறகு இவற்றின் மடங்குகள். இந்த அதிர்வெண்களில் ஒலி அறைக்குள் நின்று ஊசலாடுகிறது, மூலைகளில் உச்சம், இந்த முதல் மூன்று எண்களுக்கு நட்ட நடுவில் ஒன்றுமில்லை. கிக்கை மூலையில் வைத்தால் மூன்றையும் முழு பலத்தோடு கிளப்பிவிடுகிறோம், நான் செய்ததும் அதுவே. நீளமும் அகலமும் உயரமும் ஒன்றாக இருக்கும் சதுரப் பெட்டி அறை கிடைத்தவர் பாவம், மூன்றும் ஒரே எண்ணில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆகவே முதல் சிகிச்சை செலவில்லாதது. கிட்டை மூலையிலிருந்து இழுத்து, நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு முன்னால் கொண்டுவந்து, அகலத்தில் நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் ஒதுக்கி வைத்தோம். நகர்த்துவது, அடிப்பது, மறுபடி ஒரு முழம் நகர்த்துவது என்று ஒரு மாலை போனது. அந்த 'தூஊஊம்' அதிலேயே கணிசமாகக் குறைந்தது. இதை மூன்று வருடத்துக்கு முன்னால் செய்திருந்தால் ஃபோம் காசு மிச்சம்.

பிறகுதான் பேனல். 10 சென்டிமீட்டர் தடிமன் ராக் வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு), கன மீட்டருக்கு ஐம்பது கிலோ பக்கம் அடர்த்தி, 1.2-க்கு 0.6 மீட்டர் மரச்சட்டம், மேலே துணி. பன்னிரண்டு செய்தேன். துணியைத் தேர்ந்தெடுக்க ஒரே சோதனை, வாயோடு ஒட்டி வைத்து ஊதுவது, மூச்சு தடையில்லாமல் வெளியே போனால் ஒலியும் உள்ளே போகும். ராக் வூலை அறுக்கும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி மூன்றும் வேண்டும். முதல் பேனலை வீரமாக அரைக்கைச் சட்டையோடு அறுத்தேன், ராத்திரி இரண்டு குளியல் போட்டும் முழங்கை மடிப்பில் அரிப்பு நிற்கவில்லை.

இந்தப் பேனல்களைச் சுவரோடு ஒட்டக்கூடாது, பின்னால் இன்னும் ஒரு 10 சென்டிமீட்டர் காற்று விட்டு மாட்ட வேண்டும். கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள், சுவரிலிருந்து தள்ளத் தள்ளத் துள்ளல் அதிகம். அந்த வெற்று இடைவெளி காசில்லாமல் கிடைக்கும் தடிமன். இப்படி வைத்தால் 100, 125 ஹெர்ட்ஸ் வரை உருப்படியாக இறங்குகிறது. மூலைகளில் குறுக்காகச் சாய்த்து வைத்தால் பின்னால் முக்கோணமாக இன்னும் ஆழம் கிடைக்கிறது, எல்லா ஊசலாட்டமும் வந்து முட்டும் இடமும் மூலைதான். ஒரு மூலையைக் கதவு பிடித்துக்கொண்டதால் மிச்சம் மூன்று மூலைக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டிரண்டு, ஆக ஆறு. பக்கச் சுவர்களில் மூன்று. மீதி மூன்று கூரையில்.

கூரையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குரலோ கிட்டாரோ பதிவு செய்கிறவர்களுக்கு இது இவ்வளவு உறுத்தாது. டிரம்ஸுக்கு ஓவர்ஹெட் மைக் வைக்கிறோம், அது சிம்பலுக்கு மேலே ஏறி கூரையை நெருங்கி நிற்கிறது. என் மைக் கூரையிலிருந்து அரை மீட்டரில் இருந்தது. கீழே கிட்டிலிருந்து வரும் ஒலி மைக்கைத் தொட்டுவிட்டு, அரை மீட்டர் மேலே போய், கூரையில் அடித்து, அரை மீட்டர் கீழே வந்து அதே மைக்கை மறுபடி தொடுகிறது. மொத்தம் ஒரு மீட்டர் பிந்தி வருகிறது. ஒரு மீட்டர் என்பது 171 ஹெர்ட்ஸுக்குச் சரியாக அரை அலை, முதலில் வந்தது மேடு என்றால் பின்னால் வந்தது பள்ளம், ஒன்றை ஒன்று தின்றுவிடும். பிறகு 514-இல் ஒரு குழி, 857-இல் ஒரு குழி, சீப்பின் பல் மாதிரி மேலே வரை. அந்த முதல் குழி ஸ்னேரின் உடம்பு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் விழுகிறது. என் ஸ்னேர் ஏன் எந்த ஈக்யூவுக்கும் மசியாமல் தகர டப்பா மாதிரியே ஒலித்தது என்பதற்கு விடை தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. மூன்று பேனலைச் சேர்த்துக் கிட்டுக்கு நேர் மேலே, கூரையிலிருந்து 10 சென்டிமீட்டர் இறக்கி, சங்கிலியில் தொங்கவிட்டோம். கொக்கியில் கஞ்சத்தனம் வேண்டாம், கீழே உட்காரப்போவது உங்கள் தலை. மாட்டிய பிறகு எடுத்த முதல் டேக்கில் ஸ்னேருக்குக் கீழ்ப்பாகம் என்று ஒன்று இருந்தது. எனக்குப் பன்னிரண்டு பேனலில் இந்த மூன்றுதான் பெரிய வித்தியாசம், வேறு எதுவும் செய்ய வசதியில்லாதவர்கள் இதை மட்டுமாவது செய்யலாம் என்பேன்.

தரையை வெறுமையாகவே விட்டேன், கிட் வழுக்காமல் இருக்க அடியில் ஒரு விரிப்பு மட்டும். எதிர்ச் சுவர் ஒன்றையும் அப்படியே விட்டேன். பன்னிரண்டு பேனலும் சேர்ந்து அறையின் மொத்தப் பரப்பில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை, முன்பு நாலு சுவரும் மூடியிருந்தது. ஆனால் இப்போதுதான் அறை ஒழுங்காக இருக்கிறது, சிம்பலுக்கு உயிர் இருக்கிறது, கிக் அடித்ததும் நிற்கிறது.

இந்தக் கணக்குக்கெல்லாம் மூத்தவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன். 1895-இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை என்று இவரிடம் ஒப்படைத்தார்கள், அங்கே ஒலி அடங்க ஐந்து விநாடிக்கு மேல் ஆகிறது. இவர் ராத்திரி நேரத்தில் பக்கத்துத் தியேட்டரின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து, ஒவ்வொரு கட்டாக அடுக்கி, ஒரு ஆர்கன் குழாயை ஊதவிட்டு, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அதில் கிடைத்த சூத்திரம்தான் இன்றும்: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் விநாடி. என் அறை 35 கன மீட்டர், அதில் எட்டரைச் சதுர மீட்டர் பேனல், ஏற்கெனவே இருந்த கதவு, பலகை, ஆள் எல்லாம் சேர்த்தால் 0.4 பக்கம் வரும் என்று பார்த்தேன், அளந்தபோதும் கிட்டத்தட்ட அதுவே வந்தது. கீழ் அதிர்வெண்களுக்குச் சின்ன அறையில் இந்தச் சூத்திரம் சரிவராது, அங்கே ஊசலாட்டத்தின் ராஜ்யம்.

அளப்பதற்கு ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருள், ஒரு அளவீட்டு மைக். 54-இல் இருந்த மலை குன்றாகியிருக்கிறது, அதன் வால் குறுகியிருக்கிறது. 42 அப்படியே இருக்கிறது, அதற்கு என் பேனலெல்லாம் ஜுஜுபி. கிக்கைக் கொஞ்சம் மேலே டியூன் செய்து அதிலிருந்து ஒதுங்கிக்கொண்டேன்.

"இவ்வளவு செய்தும் பெரிய ஹால் சத்தம் வரவில்லையே" என்று நண்பன் கேட்டான். வராது. லெட் செப்பலின் ராக் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹாமை ஹெட்லி கிரேஞ்ச் மாளிகையின் படிக்கட்டுக் கூடத்தில் வைத்துப் பதிவு செய்தார்கள், மைக் மேலே மாடியில் தொங்கியது, அந்த ஒலிக்கு அந்த உயரம் வேண்டும். 2.7 மீட்டர் கூரைக்கு அடியில் அதைத் தேடக்கூடாது. சின்ன அறை சீக்கிரம் அடங்க வேண்டும், மேலும் கீழும் ஒரே நேரத்தில் அடங்க வேண்டும், அது போதும், ரிவெர்ப் என்ற செயற்கை முழக்கம் எவ்வளவு வேண்டுமோ பின்னால் போட்டுக்கொள்ளலாம். ஒலியைச் சிதறடிக்கும் ஷ்ரோடர் வகை மரப்பலகைகளையும் யோசித்தேன், ஆனால் அவை வேலை செய்ய ஆளுக்கும் பலகைக்கும் நடுவில் தூரம் வேண்டும், எனக்கு இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு புதுத் தொல்லை. அறை அடங்கியதும் இதுவரை முழக்கத்துக்குள் ஒளிந்திருந்த சின்னச் சின்ன நடுக்கமெல்லாம் வெளியே வந்துவிட்டது. தரையில் நிற்கும் பெரிய டிரம்மான ஃப்ளோர் டாமை அடித்தால் எங்கிருந்தோ 'ஜ்ஜ்ஜ்'. ஸ்னேரின் கம்பிதான் என்று நினைத்து அதைத் தளர்த்தினேன், இல்லை. ஸ்டாண்டுகளை எல்லாம் முறுக்கினேன், இல்லை. கடைசியில் ஸ்பீக்கரில் 30-இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை ஒரே ஒரு சுருதியை மெதுவாக ஏற்றிக்கொண்டே போய், சத்தம் வரும் இடத்தில் நிறுத்தி, அறையெல்லாம் காதை வைத்துத் தேடினோம். 88-இல் வந்தது. ட்யூப்லைட்டின் மூடி. ஒரு விசிட்டிங் கார்டை நாலாக மடித்து இடுக்கில் செருகினேன், நின்றுவிட்டது. அந்தக் கார்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது.